மூன்று ஒப்பந்தம், ஒரு டிசம்பர் லீவு

கேள்வி: கனடாவில் இருந்த காலத்தில் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் (ஆண்டுதோறும் கிடைக்கும் புள்ளிகளைக் கொடுத்து டிஸ்னி ரிசோர்ட்டுகளில் தங்கும் திட்டம்) புளோரிடாவிலுள்ள சரட்டோகா ஸ்பிரிங்ஸ் ரிசோர்ட்டுக்கு 100 புள்ளி, ஓல்ட் கீ வெஸ்ட்டுக்கு 80 என்று வாங்கினேன், இரண்டும் பெப்ரவரியில் புள்ளி ஆண்டு தொடங்குபவை. பிறகு ஒருவரிடமிருந்து கைமாறி எடுத்தது சரட்டோகா 60, அதன் ஆண்டு தொடங்குவது செப்டெம்பரில். டிசம்பர் லீவில் மகள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு சரட்டோகாவுக்குப் போக ஆசை. 240 புள்ளி இருந்தும் ஒன்றாகப் புக் பண்ண முடியவில்லையே?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஐயா, மூன்று வட்டையில் வயல் வைத்திருப்பவர் மொத்த ஏக்கரை ஊரில் பெருமையாகச் சொல்லலாம். தண்ணீர் திறக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. எந்த வட்டைக்கு என்றைக்கு என்பதுதான் பேச்சு. உங்கள் 240உம் அப்படித்தான்.

புள்ளி வாங்கிய சொந்த ரிசோர்ட்டை 11 மாதம் முன்னரே பிடிக்கலாம். மற்றதை 7 மாதம் இருக்கும்போதுதான். டிசம்பர் 10 போவதென்றால் ஜனவரி 10இல் சரட்டோகா புள்ளிதான் செல்லும். ஓல்ட் கீ வெஸ்ட் 80 மே 10 வரை காத்திருக்க வேண்டும். செப்டெம்பர் 60 சரட்டோகாதான், ஆனால் ஆண்டு தொடங்கும் மாதம் வேறு என்பதால் தனிக் கணக்கு.

நானாக இருந்தால் 100ஐ வைத்து முதல் இரவுகளைப் பிடிப்பேன். மீதி இரவுகளுக்கு நாள் திறந்ததும் 60ஐ வைத்துத் தனிப் புக்கிங். மே மாதம் 80க்கு இடம் கிடைத்தால் 60ஐ விடுவித்துவிடலாம். ஒரே வகை அறையாக எடுத்து, இரண்டு புக்கிங்கையும் இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளோடு நடுவில் பெட்டி தூக்கி அறை மாற வேண்டிவரும்.

60ஐ ஏன் கடைசியில் வைக்கிறேன் தெரியுமா? அடுத்த ஆண்டுக்குப் புள்ளியைத் தள்ளிவைக்க, ஆண்டு தொடங்கி 8 மாதம்தான் அவகாசம். பெப்ரவரிப் புள்ளிக்கு அது செப்டெம்பர் 30இல் முடிகிறது. மகள் குடும்பத்துக்கு நவம்பரில் விசா இல்லையென்று வந்து பயணத்தை ரத்துச் செய்தால், திரும்பும் பெப்ரவரிப் புள்ளிகள் ஜனவரி 31உடன் செத்துப்போகும். செப்டெம்பர்ப் புள்ளிக்கோ ஏப்ரல் 30 வரை மூச்சு இருக்கிறது. ஆகவே டிக்கெட் பார்ப்பதற்கு முன் கொழும்பில் விசா நேர்முகத்துக்கு நாள் எடுங்கள். செப்டெம்பர் கடைசிக் கிழமைக்குள் பதில் வராவிட்டால், மனதைக் கல்லாக்கி ரத்துச் செய்து புள்ளியைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு கொப்பியில் ஒப்பந்தத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தள்ளும் கடைசி நாளைச் சிவப்பில் எழுதுங்கள். மருமகனின் போனை நம்பவேண்டாம்.

அப்புறம் நேரம். புக்கிங் திறப்பது புளோரிடா நேரப்படி காலை 8 மணி. ஜனவரியில் அது நமக்கு மாலை 6.30. மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியிருப்பார்கள்; 5.30க்கே போய் உட்காருங்கள்.