உடன்பிறந்த கடுவனோடு (ஆண் நாயோடு) கன்னி இன நாயை இணை சேர்க்கலாமா?

வணக்கம் நண்பரே. தமிழக வேட்டை நாய் இனமான கன்னியைச் சேர்ந்த உங்கள் 14 மாதப் பெட்டையை, பெங்களூரிலேயே வளரும், அதே ஈற்றில் பிறந்த கடுவனோடு சேர்த்தால் குட்டிகளுக்குத் துரத்தும் குணம் ஓங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சேர்க்க வேண்டாம். உடன்பிறப்புகளை இணைத்தால் மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும், குட்டிகளின் எண்ணிக்கையும் வலுவும் குறையும், வேட்டைக் குணம் மட்டும் தனியே இரட்டிப்பாகாது. மேலும், 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதம் நிறையாத பெட்டையை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தக் கூடாது.

கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள் என்பதால், நிறத்தையும் வம்சப் பேச்சையும் விட, தாய் தந்தை இரண்டும் ஓடுவதை நேரில் பார்ப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலியிட்ட திடலில் வெள்ளை நெகிழிப் பையை நீண்ட கயிற்றில் கட்டி வேகமாக இழுத்துப் பாருங்கள். பெங்களூரின் ஹெண்ணூர்ப் பக்கம் ஒரு விடியலில் என் சிப்பிப்பாறை அந்தப் பையைக் கண்டதும் காதுகளைப் பின்னே மடித்து, மூச்சையே அடக்கியதுபோல் அசையாமல் நின்று, பிறகுதான் பாய்ந்தது. பை திரும்பிய இடத்தில் வளைவைக் குறுக்கே வெட்டி மறித்தது. யாரும் கற்றுத் தராத இந்த அறிவைத்தான் தேடிப் பொறுக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள்.

காட்டு முயலை விட்டுச் சோதிக்கச் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 18 மாதம் நிறைந்த பிறகு வரும் சினைப்பருவம் வரை பொறுத்திருந்து, இந்த இனம் வளரும் கோவில்பட்டிப் பக்கம் சென்று உறவில்லாத கடுவனைப் பாருங்கள்.