ஈயத்தில் வார்த்த தமிழ்: வாசகர் கேள்வி – பதில்

தமிழில் முதன்முதலில் அச்சடித்தது தரங்கம்பாடியில்தான் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். சரியா?
– மயிலாடுதுறை வாசகர்

இல்லை. கொல்லம் 130 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று அங்கே அச்சாகி வந்தது. மொத்தமே 16 பக்கம். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அதற்கும் முன்னால் 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும்.

தரங்கம்பாடியின் பெருமை வேறு. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சான புதிய ஏற்பாடு அங்கே வந்ததுதான்.

247 எழுத்துக்கும் 247 அச்சு வார்த்தார்களா?
– திருநெல்வேலி வாசகர்

தேவைப்படவில்லை. அன்றைய ஏட்டு வழக்கத்தில் எ–ஏ, ஒ–ஓ இரண்டுக்கும் ஒரே உருவம். ஆகவே உயிர் 10, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18. இ, ஈ, உ, ஊ ஏறிய உருவங்கள் 72. ஆக 101. கொம்பும் ஐகாரக் குறியும் தனி அச்சு. ணா, றா, னா போன்ற சில கூட்டு உருவங்களும் வேண்டும். ஏட்டில் புள்ளி வைப்பதில்லை என்பதால் மெய்க்குத் தனி அச்சு இல்லை. 'ா' என்ற காலும் 'ர'வும் ஒன்றேதான்.

அச்சுக்கோப்பவருக்கு இது லாபம், படிப்பவருக்குத்தான் பாடு. 'செய' என்று அச்சிட்டிருந்தால் அது செய், சேய், செய எதுவாகவும் இருக்கலாம். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஏகார ஓகாரத்தைப் பிரித்துக் காட்டும் வடிவங்களை வீரமாமுனிவர் பரப்பியது பிற்பாடு.

ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்தை விட்டுவிட்டு உள்ளூரில் ஏன் புதிதாக வார்த்தார்கள்?
– சென்னை வாசகர்

காகிதம்தான் காரணம். காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஐரோப்பாவின் மதச் சீர்திருத்தமே இருக்கிறது. கொல்லத்தில் அச்சிட்டது செபமும் கோட்பாடும். பெரிய எழுத்தானாலும் 16 பக்கத்தில் முடிந்தது. 1522இல் லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொடுத்ததிலிருந்து, ஒவ்வொருவரும் வேதத்தைத் தம் மொழியில் தாமே படிக்க வேண்டும் என்பது புராட்டஸ்டண்டுகளின் உயிர்க்கொள்கை. அந்த வழியில் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1711இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார். அவ்வளவு பெரிய நூலைப் பருத்த எழுத்தில் அடித்தால் கப்பலில் வரும் காகிதம் போதாது.

ஹாலே நகரில் வெட்டிய எழுத்து 1713இல் வந்து சேர்ந்தது. படிக்க நன்றாக இருந்தது, அளவுதான் பெரிது. எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் அதே தாளில் நான்கு மடங்கு கொள்ளும். எனவே அச்சர் ஆட்லர் சிறிய எழுத்தை அங்கேயே வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடும் உருக்குவதற்குப் போனது.

வேலை எளிதன்று. எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தைத் தலைகீழ் வலமிடமாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, வார்ப்பச்சில் பொருத்தி ஈயக் கலவையை ஊற்ற வேண்டும். வெறும் ஈயம் மெத்தென்று இருப்பதால் அழுத்த அழுத்த முனை மழுங்கும்; கெட்டிப்பட ஆன்டிமனி சேர்ப்பார்கள், சந்துபொந்தெல்லாம் ஓட வெள்ளீயம். எல்லா எழுத்தும் ஒரே உயரம் இருக்க வேண்டும். மயிரிழை குறைந்தாலும் அந்த எழுத்து தாளில் விழாது. சிறிய தமிழ் எழுத்துக்குக் கூடுதல் தொல்லை ஒன்று: மை மிஞ்சினால் சுழி அடைத்துக்கொள்ளும். மூன்று சுழி ணகரமா, இரண்டு சுழி னகரமா என்று தெரியாமல் போகும்.

புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாறில் ஆலையும் வைத்துப் பார்த்தார்கள், நெடுநாள் ஓடவில்லை.

சீகன்பால்குவை டேனிஷ்காரர்களே சிறையில் அடைத்தார்களாமே?
– காரைக்கால் வாசகர்

ஆம். 1708 கடைசியில் தொடங்கிச் சுமார் நான்கு மாதம், தளபதி ஹாசியஸ் கோட்டையில் அடைத்துவைத்தார். சீகன்பால்குவை அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், ஊரை நடத்திவந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி அல்ல. தஞ்சை நாயக்கரோடு 1620இல் செய்த உடன்படிக்கையால் டேனிஷ்காரர்களுக்குக் கிடைத்த துறைமுகம் தரங்கம்பாடி. கம்பெனிக்கு வேண்டியது வியாபாரம். ஊருக்குள் சமயச் சச்சரவு மூண்டால் சரக்கு வரத்து கெடும் என்பது அவர்கள் அச்சம்.