வீணை இரைகிறது, பிருடை வழுக்குகிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் வீணையில் மேல் ஸ்தாயி ஷட்ஜம் சேரவில்லை. சாரணியில் (முதல் வாசிப்புத் தந்தி) சுத்த மத்யமம் மட்டும் 'கிர்' என்று இரைகிறது. மேளம் (மெட்டுகள் எனும் உலோகக் கம்பிகளைப் பதித்திருக்கும் மெழுகு) புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மேளம் கட்டுவது கடைசி வைத்தியம். முதலில் தந்தியைச் சந்தேகப்படுங்கள். சாரணித் தந்தியின் அடிப்பக்கமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். மெட்டுகள் படும் இடங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்பட்டாலோ, துரு சொரசொரத்தாலோ அந்தத் தந்தி எந்த மெட்டிலும் ஒழுங்காகச் சேராது. மாற்றிவிட்டு, ஒரு நாள் இழுபட விட்டு, மறுபடி சுருதி சேருங்கள்.

அடுத்து ஒரு சோதனை. 12ஆவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி போல ஒலிப்பதுதான் சரியான மேல் ஷட்ஜம். அதே மெட்டை அழுத்தி வாசித்தால் அதே ஸ்வரம் வர வேண்டும். ஏறிப் பேசினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) மெட்டுகளின் பக்கம் நகர்ந்திருக்கிறது, இறங்கினால் எதிர்ப்பக்கம். குதிரை தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது, ஆகவே தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக நகர்த்தலாம். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ள மறக்க வேண்டாம். மற்ற ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்து 12ஆவது மட்டும் தப்பினால் நகர்ந்தது மெட்டு, குதிரை அல்ல.

மத்யம இரைச்சலுக்கு வருவோம். ஒரே ஸ்வரம் மட்டும் இரைந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதற்கு அடுத்த மெட்டு. சுத்த மத்யமத்தை அழுத்தும்போது தந்தி பிரதி மத்யம மெட்டை உரசுகிறது. மத்யம மெட்டு தேய்ந்து பள்ளமாகியிருக்கலாம், அல்லது பிரதி மத்யமம் மெழுகில் தூக்கிக்கொண்டிருக்கலாம். 5, 6, 7 மூன்று மெட்டுகளின் மேலும் படும்படி, தந்திக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். அது சீசாப் பலகை மாதிரி ஆடினால் நடு மெட்டு உயர்ந்திருக்கிறது. அந்த ஒரு மெட்டை மட்டும் ஆசாரி சரிசெய்து தருவார். 24ஐயும் பெயர்க்க வேண்டியதில்லை. வீட்டில் மெழுகைச் சூடுகாட்டி அழுத்திப் பார்க்காதீர்கள், பக்கத்து மெட்டுகளும் சேர்ந்து இறங்கிவிடும்.

எல்லா ஸ்வரத்திலும் இரைச்சல் என்றால் கதை வேறு. குதிரைமேல் உள்ள தகட்டில் தந்தி பள்ளம் அறுத்திருக்கும், அல்லது ஏதோ ஓர் உறுப்பு கூடவே அதிரும். ஒரு கையால் மீட்டிக்கொண்டே மறு கையால் நாகபாசம் (தந்திகளின் அடிமுனை கட்டிய பகுதி), லங்கர் வளையங்கள் (அங்கே சுருதியை நுணுக்கமாகத் திருத்த உதவுபவை), சுரைக்காயின் திருகு, பக்கத் தந்திகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு அழுத்துங்கள். எதைத் தொட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுதான். சுரைக்காய்த் திருகுதான் அடிக்கடி அகப்படும். தகட்டுக்கு மட்டும் அரம் பிடிக்காதீர்கள். வீணையின் நாதமே அதன் மெல்லிய வளைவில்தான் இருக்கிறது.

கேள்வி: தம்புராவுக்கு ஜீவா (ரீங்காரம் எழ, தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் நூல்) வைத்தும் ஒலி வறட்டுத்தனமாக இருக்கிறது. நூலில் கோளாறா? (வாசகர், திருச்சி)

பதில்: நூலின் கனமும் இடமும் இரண்டுமே முக்கியம். நூல் அதிகக் கனமானால் தந்தி குதிரையை விட்டு எழும்பிவிடும், ஒலி மொட்டையாக வரும். ரொம்ப மெலிந்தால் ஜீவா பிடிக்கவே பிடிக்காது. பருத்தி அல்லது பட்டு நூலில் நாலு விரற்கடை நீளம் வெட்டி, வேண்டுமானால் முறுக்கைப் பிரித்து ஓர் இழை குறையுங்கள். மந்தர ஷட்ஜத்துக்கு மற்றவற்றைவிடச் சற்றுக் கனமான நூல் தேவைப்படும்.

முதலில் சுருதியைக் கிட்டத்தட்டச் சேர்த்துவிட்டு, நூலின் இரு நுனியையும் பிடித்தபடி, மீட்டிக்கொண்டே, மயிரிழை அளவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கழுத்துப் பக்கம் அதிகம் போனால் வறட்சி. பின்னால் அதிகம் போனால் அடைத்த இரைச்சல். நடுவே ஓரிடத்தில் ஒலி சட்டென்று விரியும். அங்கே நிறுத்தி, தந்தியில் கோத்த மணியால் சுருதியைத் திருத்தி, நூலை இன்னொரு முறை சரிபாருங்கள், ஏனென்றால் ஒன்றை அசைத்தால் மற்றது கொஞ்சம் விலகும். சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அது ஓடும்போது காது ஏமாந்துபோகும்.

சர் சி.வி. ராமன் 1921இல் எழுதியது இதைப் பற்றித்தான். சாதாரணத் தந்தியை ஒரு புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் கணு (அதிராத இடம்) விழும் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தெழும் உயர் ஒலிகள்) எழக்கூடாது. தம்புராவிலும் வீணையிலும் அவையும் கணீரென்று கேட்கின்றன. காரணம், தந்தி வளைந்த குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுவது. ஆகவே எந்த நூலுக்கும் ஜீவா பேசவில்லை என்றால் குதிரையின் வளைவில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதை இழைத்துத் தருவது கைதேர்ந்தவர் வேலை.

கேள்வி: ஏசி அறையில் வயலின் பிருடை (தந்தியை முறுக்கும் திருகுகட்டை) வழுக்குகிறது, மழைக்காலத்தில் திருகவே முடியவில்லை. குதிரையும் சாய்ந்தாற்போல் தெரிகிறது. (வாசகி, சென்னை)

பதில்: ஏசி காற்று மரத்தைச் சுருக்கும், ஐப்பசி ஈரம் உப்ப வைக்கும். வயலினுக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும். ஏசி அறையில் அதை எடுத்துவிடுங்கள்.

வழுக்கும் பிருடையைக் கழற்றி, துளையில் உரசிப் பளபளக்கும் இரண்டு வளையங்களிலும் கரும்பலகைச் சாக்பீஸைத் தேயுங்கள். இறுகிப்போனால் அதே இடத்தில் உலர்ந்த சோப்பை லேசாக ஒரு தேய்ப்பு. தந்தியைச் சுற்றும்போது கடைசிச் சுற்றுகள் பிருடைத் தலைப்பக்கத்துச் சுவரை ஒட்டி வரட்டும். தந்தியே பிருடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள்.

குதிரை சாய்வதற்குக் காரணம், சுருதி ஏற்றும் ஒவ்வொரு முறையும் தந்தி அதன் தலையை விரற்பலகைப் பக்கம் இழுப்பதுதான். வால்கட்டை பார்க்கும் முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். வயலினை மடியில் வைத்து, தந்திகளைச் சிறிது தளர்த்தி, இரு கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களால் குதிரையின் உச்சியைப் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். தந்தி உட்காரும் பள்ளங்களில் பென்சில் கரியைப் பூசினால் இழுப்பு குறையும்.

தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி சரிந்துவிடலாம். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால் மீதித் தந்திகளையும் அப்போதே தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். போஸ்ட் இல்லாமல் சுருதி ஏற்றினால் மேற்பலகை விரிசல் விடும்.

கேள்வி: மகனின் கிட்டாரில் தந்தி உயரமாக இருப்பதால் விரல் வலிக்கிறது என்கிறான். (வாசகர், கோவை)

பதில்: 12ஆவது ஃபிரெட்டில் அளந்து பாருங்கள். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் தடித்த தந்திக்கு அடியில் சுமார் 2.5 மி.மீ., மெல்லியதற்கு 2 மி.மீ. இடைவெளி போதும். அதைவிட அதிகம் என்றால், எதையும் திருகிப் பார்ப்பதற்கு முன் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜே பெயர்கிறது. தந்தியைத் தளர்த்திவிட்டுக் கடைக்கு அனுப்புங்கள். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டினால் பிறகு யாராலும் ஒழுங்காகப் பிரித்து ஒட்ட முடியாது.

பிரிட்ஜ் சரியாக இருந்தால் சாடிலை (பிரிட்ஜில் தந்திகள் அமரும் பட்டை) கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்க்கலாம். 12ஆவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். நைலான் கிட்டாராக இருந்தால் ஸ்டீல் தந்தி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டீல் தந்தியின் இழுவிசையை நைலான் கிட்டார் தாங்காது.

கேள்வி: வீணைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் ஒலி கூடுமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: கூடாது. இடது கை விரலுக்கு ஒரு துளி போதும், அதையும் வாசித்து முடித்ததும் தந்தியிலும் மெட்டிலும் இருந்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். மரத்தில் பூசிய எண்ணெய் தூசைத்தான் பிடிக்கும். காரில் எடுத்துச் செல்லும்போது மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும், ஆனால் மெட்டு நகர அது உருக வேண்டியதில்லை, இளகினாலே போதும்.