பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேருமுன் ஃபார்மகாலஜிக்கு எப்படித் தயாராவது?

பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் சேரப்போகிறீர்கள், கையில் இரண்டு மாதம் இருக்கிறது. மருந்துகளைப் பற்றிய பாடமான ஃபார்மகாலஜியில்தான் எல்லாரும் அரியர் வைப்பார்கள் என்று சீனியர் யாரோ பயமுறுத்தியிருக்கிறார். மருந்துப் பெயர்களை இப்போதே மனப்பாடம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நான் செய்து பார்த்துவிட்டேன்.

செங்கோட்டையில் எங்கள் மாமாவுக்கு மெடிக்கல் ஷாப். காலேஜ் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து, ஸ்ட்ரிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு நோட்டு முழுக்கப் பெயர் எழுதினேன். பெயரின் வாலைப் பார்த்தால் மருந்தின் இனம் தெரிந்துவிடும் என்று கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'ஓலால்' என்று முடிந்தால் இதயத்துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர், 'ப்ரில்' என்றால் பிரஷருக்கான ஏஸ் இன்ஹிபிட்டர், 'ஸ்டாட்டின்' என்றால் கொலஸ்ட்ராலுக்கு. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நிஸ்டாட்டின் எதற்கு என்று கேட்டார்கள். யோசிக்காமல் கொலஸ்ட்ராலுக்கு என்றேன்.

"அப்போ கைப்பிள்ளை வாயில வெள்ளை படர்ந்தா கொழுப்பைக் குறைக்கணுமா?" என்றார் மேடம்.

நிஸ்டாட்டின் பூஞ்சைக்கான மருந்து. 1950-இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த இரண்டு பெண் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. 'நியூயார்க் ஸ்டேட்' என்பதைச் சுருக்கி வைத்த பெயர். கொழுப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அரிப்பிப்ரசோலும் அப்படித்தான்; வாலைப் பார்த்து ஒமிப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை என்று நினைத்தால், அது மனநோய்க்குக் கொடுப்பது. வால் பிடிக்கிற வித்தை உதவும்தான், ஆனால் அது அப்புறம்.

இந்த இரண்டு மாதத்தில் ஒன்றே ஒன்று படிக்க முடியும் என்றால் நாம் நினைக்காமலே இதயம், குடல் எல்லாவற்றையும் ஓட்டுகிற தானியங்கி நரம்பு மண்டலத்தைப் படியுங்கள். அதன் இரண்டு பிரிவுகளில் சிம்பதெடிக் எதைக் கூட்டும், பாராசிம்பதெடிக் எதைக் கூட்டும், நரம்பின் செய்தியைக் கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் எங்கே போய் உட்காரும், அவ்வளவுதான். அடிப்படை உங்கள் பிளஸ் ஒன் உயிரியலிலேயே இருக்கும். பாதி ஃபார்மகாலஜி இந்த ஒரு கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது.

எனக்கு இது உறைத்தது இன்டர்ன்ஷிப்பில். முகத்தில் துணி கட்டாமல் வயலில் மருந்தடித்த ஒருவரைத் தூக்கிவந்தார்கள். கண்பாவை குண்டூசி முனை அளவு. வாயில் எச்சில் ஒழுகுகிறது, சட்டை வேர்வையில் ஊறியிருக்கிறது, நெஞ்சில் கொரகொரவென்று சத்தம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினை உடைக்கிற என்சைமை முடக்கிவிடும். குழாயைத் திறந்துவிட்டு மூட ஆளில்லாத கதை. அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தை அட்ரோபின் என்ற மருந்து பிடித்துக்கொள்ளும். அதனால் ஊசிமேல் ஊசியாக அதைப் போட்டார்கள். "கண்ணையே பாத்துட்டு நிக்காதே, நெஞ்சுல ஸ்டெத் வெச்சுக் கேளு" என்றார் டாக்டர். நெஞ்சில் நீர் வற்றுகிறதா என்பதுதான் கணக்கு. மறுநாள் அதே மனிதர் வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, போர்வையைப் பிய்த்துக்கொண்டு காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். அட்ரோபின் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. எங்கள் பக்கம் ஊமத்தங்காய் தின்றவர்களும் இப்படித்தான் செய்வார்கள், அதிலும் அட்ரோபின் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் நான் கற்றது நோட்டில் எழுதின இருநூறு பெயரில் இல்லை.

இன்னொன்று. மருந்து எழுதுவது டாக்டர். ஆனால் நோயாளி ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்று முதலில் உட்கார்ந்து கேட்பது பெரும்பாலும் நாம்தான். கேரளத்து ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மச்சி கேரிபேக் நிறைய மாத்திரையோடு வந்து, "ராத்ரி முழுவன் சும" என்றார். என்னோடு இருந்த சேலத்துப் பையன் அதைச் 'சுமை' என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சு பாரம் என்று எழுதி ஈசிஜி வரைக்கும் போய்விட்டான். மலையாளத்தில் சும என்றால் இருமல். கேரிபேக்கைக் கொட்டிப் பார்த்தால் பிரஷருக்கு எனலாப்ரில். அது தடுக்கிற ஏஸ் என்சைம்தான் உடம்பில் ஊறும் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. அதைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கித் தொண்டையை அரிக்கும், வறட்டு இருமல் வரும். டாக்டர் அதை நிறுத்திவிட்டு சார்ட்டான் என்கிற வேறு வகைப் பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். அதே கேரிபேக்கில் ஒரே சர்க்கரை மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் கிடந்தது, ஒன்று புனலூரில் எழுதியது, ஒன்று தென்காசியில். அம்மச்சி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அதனால் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, ஸ்ட்ரிப்பில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரைப் படிக்கப் பழகுங்கள்.

ஹாஃப் லைஃப், அதாவது உடம்பில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பாதி, பாதியில் பாதி என்று ஐந்து தடவை போனால் மருந்து ஏறக்குறைய 3 சதவீதம்தான் மிஞ்சும். தைராய்டு மாத்திரையான தைராக்ஸினுக்கு ஒரு பாதி என்பது சுமார் ஏழு நாள். பழைய அளவு போய்ப் புது அளவு நிலைக்கவும் இதே ஐந்து பாதி ஆகும். டோஸ் மாற்றினால் ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கணக்கு மட்டும் தினமும் போடுங்கள், நிஜமாகவே. மரத்துப்போகப் போடுகிற லிக்னோகெய்ன் 2% என்றால் 100 மில்லியில் 2 கிராம், அதாவது 1 மில்லியில் 20 மில்லிகிராம். 1:1000 அட்ரினலின் என்றால் 1000 மில்லியில் 1 கிராம், அதாவது 1 மில்லியில் 1 மில்லிகிராம். ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கையில் சிரிஞ்சோடு நிற்கும்போது எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தடுமாறினோம்.

தடிமனான புத்தகம் எதையும் இப்போது வாங்காதீர்கள், லைப்ரரியில் கிடைக்கும். தெரிந்த மெடிக்கல் ஷாப் இருந்தால் ஒரு வாரம் போய் உட்காருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் நல்லது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க மாட்டார்கள், கவுன்டரில் நின்று மாத்திரை எண்ணத்தான் சொல்வார்கள்.