முகத்தை மறைத்து விற்றதால்தான் சார்லி பிரைடு கன்ட்ரி இசையில் ஜெயித்தாரா?

கேள்வி: வெள்ளையர்களின் இசை என்று பெயரெடுத்த கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புற பாணி இசையில் சார்லி பிரைடு என்ற கறுப்பினப் பாடகர் இத்தனை முறை முதலிடம் பிடித்தது எப்படி? அவருடைய படத்தைக் காட்டாமல் இசைத்தட்டு நிறுவனம் விற்றதுதான் காரணமா?

இல்லை. அந்தப் புகைப்படக் கதை உண்மைதான். ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கையின் முதல் சில மாதங்களுக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை வாராவாரம் வெளியிடும் கன்ட்ரி பாடல் பட்டியலில் அவருக்கு 29 முதலிடங்கள். 1967க்கும் 1987க்கும் இடையில் முதல் பத்துக்குள் வந்த பாடல்கள் 52. அவர் எனக்கு மிகவும் பிடித்த பாடகர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரைடு 1934இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிரிடும் குடும்பம், பதினோரு பிள்ளைகள், எல்லோரும் பருத்தி எடுக்கப் போக வேண்டும். அப்பா வீட்டு ரேடியோவில், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து வரும் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற மேடைக் கச்சேரி நிகழ்ச்சியை வைப்பார், பையன் அதைக் கேட்டு வளர்ந்தான். அவனுக்கு அதுதான் வீட்டுப் பாட்டு. ஆனால் அவர் முதலில் ஆக நினைத்தது பேஸ்பால் வீரர். கறுப்பினத்தவருக்கான லீக்கில் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து வீசினார். பிறகு மொன்டானா மாநிலத்தின் ஹெலினா பக்கம் போய், உலோகம் உருக்கும் ஆலையில் வேலை, ஆலையின் அணியில் ஆட்டம், ஆட்டத்துக்கு முன்னால் பாட்டு என்று நாட்களை ஓட்டினார். ரெட் ஃபோலி, ரெட் சோவின் என்ற இரண்டு கன்ட்ரி பாடகர்கள் அங்கே அவர் பாடுவதைக் கேட்டு, நாஷ்வில்லுக்குப் போகச் சொன்னார்கள்.

1965இல் ஜாக் கிளெமென்ட் என்ற தயாரிப்பாளர் அவரை வைத்து இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார். ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் செட் அட்கின்ஸ் அந்த நாடாவை மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டி, குரல் பிடித்துப்போன பிறகுதான் பாடியவர் கறுப்பினத்தவர் என்று சொன்னார். ஒப்பந்தம் கிடைத்தது. 1966இல் வந்த முதல் இசைத்தட்டுகளை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது, வழக்கமாகக் கூடப் போகும் படத்தையும் குறிப்பையும் நிறுவனம் வைக்கவில்லை. பெயரும் 'கன்ட்ரி' சார்லி பிரைடு என்றே அச்சானது. கேட்பவருக்கு எந்தச் சந்தேகமும் வரக்கூடாதாம்!

நீங்கள் கேட்ட கதை இதுவரைக்கும் சரி. இதற்கு மேல்தான் அது உதவாது. படமில்லாமல் போன முதல் இரண்டு இசைத்தட்டுகளும் பெரிதாக ஓடவில்லை. மூன்றாவதாக வந்த 'ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ'தான் 1967 தொடக்கத்தில் பட்டியலில் 9ஆம் இடம் வரை போனது. அதற்குள் அவருடைய முதல் ஆல்பம் கடைகளுக்கு வந்துவிட்டது, அதன் அட்டையில் அவர் முகம் நன்றாகவே தெரியும். அந்த ஜனவரியில் ஓப்ரி மேடையிலும் மூத்த கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் அறிமுகம் செய்ய ஏறிவிட்டார். மறைத்தபோது ஓடவில்லை, முகம் தெரிந்த பிறகு ஓடியது. இந்த வரிசையை யாரும் சொல்லாதது எனக்கு எப்போதும் வருத்தம்.

மேடை சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1966இல் டெட்ராய்ட்டின் பெரிய அரங்கில் பெயரை அறிவித்ததும் கைதட்டல் எழுந்து, அவர் வெளியே வந்ததும் அப்படியே அடங்கிப்போனதாம். தன் நிறத்தை நிரந்தர வெயில் கறுப்பு என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். அந்தச் சுமை மேடையில் நின்ற வேறு எந்தப் பாடகருக்கும் இல்லை.

சரி, வேறு எதனால் ஜெயித்தார்? குரல். பாரிடோன் என்பார்களே, அந்தக் கனமான ஆண் குரல், ஆனால் ஒரு சொல்கூட மங்காது. அந்தக் காலத்தில் நாஷ்வில் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்துப் பாட்டை மெழுகிக்கொண்டிருந்தது. பிரைடின் ஆரம்பப் பதிவுகளில், கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான் முன்னால் நிற்கும். பழைய கன்ட்ரி ரசிகருக்கு அது ஊர் வாசனை. பாடல்களைப் பெரும்பாலும் அவர் எழுதவில்லை, தேர்ந்தெடுத்தார். டல்லஸ் ஃப்ரேசியரும் டூடில் ஓவன்ஸும் எழுதிய 'ஆல் ஐ ஹேவ் டு ஆஃபர் யூ' 1969இல் அவருக்கு முதல் முதலிடத்தைத் தந்தது. 1944இல் லூயி ஜோர்டனுக்குப் பிறகு அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போன கறுப்பினப் பாடகர் அவர்தான். அங்கிருந்து 1971 வரை தொடர்ந்து ஆறு முதலிடங்கள்.

உச்சம் 1971 கடைசி. பென் பீட்டர்ஸ் எழுதிய 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்' கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது, எல்லா இசைக்குமான ஹாட் 100 பட்டியலிலும் 21ஆம் இடம் வரை வந்தது. கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த கலைஞர் விருதும் அவருக்குத்தான். எழுபதுகளில் ஆர்சிஏவில் அவரைவிட அதிகம் விற்றவர் எல்விஸ் ஒருவர்தான் என்பார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு விற்றும் அவருக்குப் பின்னால் கதவு திறக்கவில்லை. லிண்டா மார்ட்டெல் 1969இல் 22ஆம் இடம் வரை வந்தார், ஒரே ஒரு ஆல்பத்தோடு அவருடைய பயணம் நின்றது. ஸ்டோனி எட்வர்ட்ஸ் அருமையாகப் பாடுவார், முதல் பத்துக்குள் வரவே இல்லை. பிரைடின் கடைசி முதலிடம் 1983இல். அடுத்து ஒரு கறுப்பினப் பாடகர் தனியாகப் பாடி அந்த இடத்துக்கு வர 2008 ஆனது, டேரியஸ் ரக்கர். இருபத்தைந்து ஆண்டு! ரசிகர்கள் தயாராகத்தான் இருந்தார்கள், பிரைடின் விற்பனையே சாட்சி. நிறுவனங்களும் ரேடியோவும் அவரை ஒரு விதிவிலக்காக வைத்துக்கொண்டு அத்தோடு நிறுத்திவிட்டன என்பதுதான் என் கருத்து.

2020 நவம்பரில் வாழ்நாள் சாதனை விருது வாங்கிய மேடையில் ஜிம்மி ஆலன் என்ற இளம் கறுப்பினப் பாடகரோடு சேர்ந்து அதே 'கிஸ் அன் ஏஞ்சல்' பாடினார். அடுத்த மாதமே, டிசம்பர் 12 அன்று, கொரோனாவால் டல்லஸில் இறந்தார். வயது 86.

புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஹிட் தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்தின் பாந்தர் ஹாலில் 1968இல் பதிவான மேடை ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அதில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் லாயிட் கிரீன். பழைய கன்ட்ரி நட்சத்திரம் ஹேங்க் வில்லியம்ஸின் பாடல்களை அவர் பாடும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தையும் கவனியுங்கள். பாடுபவர் யாரென்று பார்த்துக்கொண்டேதான் அவர்கள் அப்படிக் கத்துகிறார்கள்.