சைட் வேர்ட்ஸ் அட்டைக் கட்டு வீட்டுக்கு வந்தால்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அமெரிக்கா வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. ஐந்து வயது மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டில் தமிழ் மட்டும்தான். பள்ளியிலிருந்து ஒரு ஜிப் பையில் 40 அட்டைகள் வந்திருக்கின்றன: தி, செட், கம், வேர், லுக் என்று. கூடவே "சைட் வேர்ட்ஸ், வீட்டில் பழக்கவும்" என்று ஒரு சீட்டு. சைட் வேர்ட்ஸ் என்றால், அடிக்கடி வருவதால் பார்த்ததும் படிக்க வேண்டிய சொற்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரவைத்து ஒவ்வோர் அட்டையாகக் காட்டினால் அழுகிறாள். இன்று தெரிந்த சொல் நாளை தெரியவில்லை. விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வழி உண்டா, வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வி சுலபம் என்பதால் அதை முடித்துவிடுகிறேன். மாறாதீர்கள். பகல் முழுக்க அவள் காதில் ஆங்கிலம்தான் விழுகிறது. கதை கேட்பதும், கேள்வி கேட்பதும், நடந்ததைக் கோர்வையாகச் சொல்வதும் தமிழில் நன்றாக வளர்ந்தால் அது ஆங்கில வாசிப்புக்கும் கைகொடுக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டுமொழி என்ன என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். அதில் தமிழ் என்று எழுதத் தயங்க வேண்டாம். அதை வைத்துத்தான் அவளுக்கு ஆங்கில உதவி வகுப்பு தேவையா என்று சோதித்துப் பார்ப்பார்கள். அந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. உங்களுக்கோ மனைவிக்கோ ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், அரசுப் பள்ளிகள் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

சரி, அட்டைக்கு வருவோம். உங்கள் கட்டில் 40 இருப்பதைப் பார்த்தால் அது டால்ச் பட்டியலின் முதல் படியாகத்தான் இருக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டால்ச், சிறுவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் 220 சொற்களை 1936-ல் பட்டியல் போட்டார். பெயர்ச்சொற்கள் 95 தனிப் பட்டியல். 1957-ல் எட்வர்ட் ஃப்ரை என்பவர் இன்னொரு பட்டியல் கொடுத்தார், பிற்பாடு அதை ஆயிரம் சொற்கள்வரை விரித்தார். அவர் கணக்குப்படி முதல் 100 சொற்களே அச்சில் வரும் ஆங்கிலத்தில் ஏறக்குறையப் பாதி. அதனால்தான் பள்ளிகள் இதை விடுவதில்லை. ஆனால் பயப்படவும் வேண்டாம். பல மாநிலங்கள் ஏற்ற 2010-ஆம் ஆண்டின் பொதுப் பாடத்தரம் கிண்டர்கார்டன் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது, அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்ததும் படிப்பது. உதாரணத்துக்கு அது தருவது பத்தே சொற்கள். அதுவும் ஆண்டு முடிவுக்குள். நாற்பதையும் இந்த மாதமே முடிக்க வேண்டும் என்பது உங்கள் அவசரம், பள்ளியுடையது அல்ல.

'சைட் வேர்ட்' என்ற பெயரைக் கேட்டதும், படத்தைப்போல் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் என்று தோன்றும். நம்மில் பலர் அப்படித்தான் நடத்துகிறோம், அங்கேதான் அழுகை ஆரம்பிக்கிறது. பிள்ளை ஒரு சொல்லை நினைவில் வைப்பது அதன் வடிவத்தால் அல்ல. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளும் எழுத்துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். லின்னியா எஹ்ரி என்ற வாசிப்பு ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். ஆகவே எந்த விளையாட்டும் இந்த ஒட்டுதலைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது பொழுதுபோக்கு மட்டும்தான்.

முதல் வேலை, அந்தக் கட்டைத் தரையில் பரப்பி நீங்களே பிரியுங்கள். கேன், பிக், ரன், ரெட், நாட், ஹெல்ப், ஜம்ப், இட், இன், அப், ஆண்ட் ஆகியவை எழுத்துக்கு எழுத்து ஒலித்தாலே வந்துவிடும். நாற்பதில் கால் பங்குக்கு மேல் காலி! இவற்றை அட்டையாகவே காட்டாதீர்கள். எழுத்தொலிகளைக் கூட்டிப் படிக்கப் பழகும்போது தானாக வரும். மீ, வீ இரண்டும் ஒரே குடும்பம், பின்னால் வரப்போகிற ஹீ, ஷீ, பீ-யும் அதிலேயே சேரும். சீ, த்ரீ ஒரு ஜோடி. உண்மையிலேயே முரண்டு பிடிக்கிறவை தி, செட், கம், ஒன், டூ, யூ, வேர் போன்ற கொஞ்சம்தான். உங்கள் உழைப்பு அந்தக் கொஞ்சத்துக்கு.

எழுத்தொலி சொல்லும்போது ஒன்று கவனியுங்கள். 'எஸ்', 'எம்' என்பவை எழுத்தின் பெயர்கள். வாசிக்க வேண்டியது 'ஸ்', 'ம்' என்ற ஒலி. ஒலிக்குப் பின்னால் 'அ' சேர்க்காதீர்கள் என்று ஆசிரியர்கள் இங்கே பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நமக்கு அது புதிதே அல்ல. புள்ளி வைத்த மெய்யெழுத்தைச் சொல்வதுபோல் சொன்னால் போதும்: 'ப' இல்லை, 'ப்'. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்குச் சாதகம்தான்.

இப்போது விளையாட்டு. 'சொன்னாள்' என்று பொருள்படும் 'செட்' அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளிடம் காட்டாதீர்கள். ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். மூன்று சட்டைப் பொத்தான்களைக் கீழே வையுங்கள். "அம்மா வான்னு செட்" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்தே ஒரு வாக்கியம் சொல்லுங்கள், சொல்லின் பொருள் புரியட்டும். பிறகு அவள் அந்தச் சொல்லை மெதுவாக இழுத்துச் சொல்ல வேண்டும்: ஸ்… எ… ட். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பொத்தானைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். தள்ளும்போது முகத்தைப் பாருங்கள், அதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கும். மூன்றும் உள்ளே போனபின் பொத்தானை எடுத்துவிட்டு எழுத்தை எழுதலாம். முதல் கட்டத்தில் எஸ், கடைசியில் டி. இரண்டும் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. நடுக் கட்டத்தில் ஏ, ஐ இரண்டையும் சேர்த்து எழுதி, "இங்கே இரண்டு பேர் சேர்ந்து 'எ' என்கிறார்கள், வேடிக்கையாக இல்லை?" என்று கேளுங்கள். அந்த நடுக் கட்டத்துக்கு மேல் ஒரு சின்ன இதயம் வரையச் சொல்லுங்கள். மனதில் வைக்க வேண்டியது அது ஒன்றுதான், முழுச் சொல்லும் அல்ல. பிறகு தாளைத் திருப்பிவைத்து, பார்க்காமல் எழுதச் சொல்லி, திருப்பி ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். முழுதும் ஐந்து நிமிடம்.

இந்தக் கட்டங்களுக்கு எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளரின் பெயர் உண்டு. இதயம் போடும் முறையால் பல பள்ளிகளில் இப்படிப்பட்ட சொற்களை 'ஹார்ட் வேர்ட்ஸ்' (இதயச் சொற்கள்) என்றே சொல்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் அந்தப் பேச்சு இருந்தால் இதுதான் அது. 'தி'-க்கு இரண்டு கட்டம் போதும். டி-யும் ஹெச்-சும் ஒரே ஒலி என்பதால் ஒரே வீட்டில் இருக்கும். நாக்கை வெளியே நீட்டிச் சொல்லிக் காட்டினால் சிரிப்பு நிச்சயம்.

ஒரு வாரத்துக்கு இப்படிப் புதிதாக மூன்று நான்கு சொற்கள் போதும் என்பது என் கருத்து. முகஜாடை ஒன்றாக இருப்பவற்றை ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். பின்னால் வரும் 'வாஸ்', 'சா' இரண்டும் அதே மூன்று எழுத்துகள்தான், வரிசை மட்டும் தலைகீழ். 'வேர்', 'ஹியர்' இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

கட்டம் போட்டுப் பிரித்த சொற்களைத்தான் ஓடியாடும் விளையாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் அதிக நாள் தாக்குப்பிடித்தது 'காணாமல் போனது யார்' என்ற ஆட்டம். ஐந்து அட்டைகளைத் தரையில் வைத்து எல்லாவற்றையும் ஒரு முறை படிக்க வேண்டும். அவள் கண்ணை மூடியதும் ஒன்றை எடுத்து ஒளித்துவிடுங்கள். எது இல்லை என்று கண்டுபிடிக்க, மீதி நான்கையும் அவளே தானாகத் திரும்பப் படித்தாக வேண்டும். அப்புறம் முறை மாறி, நீங்கள் கண்ணை மூட வேண்டும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். அப்பாவைத் திருத்துவதைவிட இனிப்பான வேலை அந்த வயதில் வேறு இல்லை.

தரையில் சாக்பீஸால் எழுதி, நீங்கள் சொல்லும் சொல் மீது குதிப்பது இன்னொன்று. உட்கார மாட்டேன் என்கிற பிள்ளைக்கு அது நன்றாக ஒத்துவரும். அட்டையில் பேப்பர் கிளிப் மாட்டி, குச்சி நுனியில் காந்தம் கட்டி மீன் பிடிப்பதும் உண்டு. படித்தால்தான் மீன் அவளுக்கு, இல்லாவிட்டால் மறுபடி குளத்துக்கு. தபாலில் தினமும் வந்து விழும் விளம்பரத் தாள்களை எறியாமல், ஒரு பக்கத்தில் 'தி' எத்தனை இருக்கிறது என்று வட்டமிடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மிக அதிகம் வரும் சொல் அதுதான், ஏமாற்றமே இராது.

இணையத்தில் இதற்கென்று நூறு கைவேலைகள் காட்டுவார்கள். எல்லாவற்றையும் செய்யாதீர்கள். ஜிகினா ஒட்டுவது, சொல்லுக்கு ஏழு வண்ணம் தீட்டுவது எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். அரை மணி நேரம் ஓடும். அதற்குள் பிள்ளை அந்தச் சொல்லை ஒருமுறைதான் படித்திருப்பாள். ஓர் ஆட்டம் நல்லதா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி: இதில் அவள் கண் எத்தனை தடவை எழுத்துக்குப் போகிறது? மணல் தட்டில் விரலால் எழுதுவதுகூட ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் பயன், பேசாமல் கோடு போட்டால் அது ஓவியம்.

'லுக்' அட்டையில் இரண்டு ஓ-வுக்குள்ளும் கருவிழி வரைந்து கண்ணாக்கிக் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த உத்தி. அட்டையில் சரியாகச் சொல்லிவிடுவாள். பிறகு புத்தகத்தில் 'புக்', 'டுக்' வரும்போதும் 'லுக்' என்பாள், ஏனென்றால் பார்த்தது கண்ணை, முதல் எழுத்தை அல்ல. இதைப்போலவே ஓர் அட்டையின் மூலை மடங்கியிருந்தால், அந்த மடிப்பை வைத்துச் சொல்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. அதனால் தெரிந்துவிட்டது என்று நினைக்கும் சொல்லை வேறொரு தாளில், வேறு பேனாவில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பொருள். உங்கள் மகளுக்கு 'தி' என்பது கையில் பிடிக்க முடியாத சொல். தமிழில் அப்படி ஒன்று கிடையாது. 'டூ' ('-க்கு'), 'ஆஃப்' ('-உடைய') போன்றவற்றை நாம் பெயரோடு ஒட்டி உருபாகச் சொல்லிவிடுகிறோம், தனியாக நிற்பதில்லை. ஆகவே இவற்றைத் தனி அட்டையாகக் காட்டினால் வெறும் சத்தம்தான். அவளுடைய புகைப்படங்களை ஒட்டி, பக்கத்துக்கு ஒரு வரியாக 'ஐ கேன் ஜம்ப்', 'ஐ கேன் ரன்' என்று நாலு பக்கப் புத்தகம் செய்துகொடுங்கள். இன்னொரு நாள் ஒரு வாக்கியத்தைத் துண்டுத் துண்டாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்லலாம். தன் பெயர் இருக்கும் வாக்கியம் என்றால் சலிக்காமல் அடுக்குவாள். பொது நூலகத்தில் குழந்தைகள் கதை நேரம் பெரும்பாலும் இலவசம். அங்கே போனால் இதே சொற்கள் காதிலும் விழும்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. அட்டைக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதாதீர்கள். பெரிய என்பதற்கான 'பிக்'கும் பன்றி 'பிக்'கும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும், தவிர அவள் தமிழைப் படிப்பாளே தவிர ஆங்கிலத்தைப் பார்க்க மாட்டாள். காந்த எழுத்துகள் வாங்கினால் சின்ன எழுத்தில் வாங்குங்கள். நம் வழக்கத்தில் பெரிய எழுத்தைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறோம், பள்ளிப் புத்தகம் முழுக்கச் சின்ன எழுத்து.

கடைசியாக, வகுப்பில் அட்டையைக் காட்டிக் கேட்டால் அவள் வாயே திறப்பதில்லை, வீட்டில் சொல்வதையும் அங்கே சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். புதுமொழிக்குள் வந்த பல பிள்ளைகள் சில மாதம் இப்படித்தான் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: வீட்டில் தமிழ் பேசுகிறோம், இன்னின்ன சொற்கள் அவளுக்குத் தெரியும், வாயால் சொல்லச் சொல்வதற்குப் பதில் நாலு அட்டையை வைத்து "செட் எங்கே" என்று கேட்டுக் கையால் காட்டச் சொல்ல முடியுமா என்று. அப்படிக் கேட்டால் மறுத்த ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.