கையெழுத்துப் போடாத முடிவுகள்

அன்புள்ள ஐயா,

வங்கி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். ஆலை, ஸ்டோர்ஸ், கணக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே ஈஆர்பி மென்பொருளுக்குள் கொண்டுவருவதுதான் திட்டம். தொழில்நுட்பத்தில் சிக்கலே இல்லை. மனிதர்கள்தான் சிக்கல். ஸ்டோர்ஸில் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இரவு ஷிஃப்டில் கொடுத்த சாமானை நோட்டில் எழுதிவைத்துவிட்டு காலையில்தான் சிஸ்டத்தில் ஏற்றுகிறார். எங்கள் டேஷ்போர்டில் இருப்பு எப்போதும் தப்பாகவே தெரிகிறது. மாற்றத்துக்குப் பயப்படும் தலைமுறை. அந்தக் காலத்தில் வங்கிகளில் கம்ப்யூட்டருக்கு எதிராகக் கொடி பிடித்தவர்களும் இப்படித்தானே? அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள்? கூடவே இரண்டு கேள்விகள். ஏஐ வந்து எல்லாவற்றையும் மாற்றப்போகும்போது இந்த ஈஆர்பி வேலைக்கெல்லாம் அர்த்தம் உண்டா? இத்துறையில் நான் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்ன?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

வழக்கமாக அலுவலகச் சிக்கல்களைக் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி விடவில்லை. “கொடி பிடித்தவர்களும் இப்படித்தானே?” போன வாரம்தான் ஓய்வு பெற்ற வங்கி நண்பர்கள் சிலர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். சங்கத்தில் முன்வரிசையில் நின்ற ஒருவர், “அன்னிக்கு கம்ப்யூட்டர் வேண்டாம்னு கத்துனோம், இன்னிக்கு டீக்குக்கூட ஜிபேல காசு போடுறோம், என்ன பைத்தியக்காரத்தனம்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்களைக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு லைனில் ஒரு பேரிங் போய்விட்டது என்று ஓடிவருகிறான் ஒரு டெக்னீஷியன். கோரிக்கை எண் இல்லாமல் உங்கள் புதிய சிஸ்டம் சாமானை வெளியே விடாது என்று நினைக்கிறேன். கோரிக்கையை ஏற்க வேண்டிய அதிகாரி வீட்டில் தூங்குகிறார். அந்த ஸ்டோர் கீப்பர் என்ன செய்ய வேண்டும்? லைன் நின்றால் நிற்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? நின்றால் காலையில் மெமோ யாருக்கு வரும்? இதை அவரிடம் கேட்டீர்களா? எத்தனை பயிற்சி கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஷிஃப்டில் ஒரு இரவாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா என்று எழுதவில்லை. உட்கார்ந்திருக்கமாட்டீர்கள். இதில் நீங்கள் மட்டும் விதிவிலக்கில்லை, உங்கள் துறையில் எல்லோரும் இப்படித்தான். ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, கொடி பிடித்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

கணினிக்கு எதிரான போராட்டம் இந்தியாவில் வங்கிக்கு முன்பே தொடங்கியது. 1960களில் கல்கத்தாவில் எல்ஐசி கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையாமல் இரவும் பகலும் காவல் காத்தார்கள் இன்சூரன்ஸ் ஊழியர்கள். வங்கிகளில் அது எண்பதுகளில் வந்தது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1984ல் அறிக்கை வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1983ல், இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டன. பிறகு 1987ல் ஒன்று, 1993ல் ஒன்று. அந்தக் காகிதங்களை இன்றைக்கு யாராவது எடுத்துப் படித்தால் சிரிப்பார்கள். எந்த மாதிரி இயந்திரம், எத்தனை, எந்த வேலைக்கு, எந்தக் கிளைக்கு, அதை இயக்குகிறவருக்குச் சம்பளத்தோடு எவ்வளவு படித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் பேரம். எங்கள் கிளைக்கு வந்த ஏஎல்பிஎம், அதுதான் லெட்ஜர் போஸ்டிங் மெஷின், ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து மேஜையோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இதை எல்லோரும் முட்டாள்தனம் என்கிறார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் வந்தால் யாருடைய வேலை மாறும், யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டும், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துச் சண்டை போட்டார்கள். முடிவு எடுத்தார்கள். அதில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. அதனால்தான், இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லாக் கிளைக் கணக்குகளையும் ஒரே மையக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கோர் பேங்கிங் வந்தபோது நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிளைகள் மாறின. யாரும் கம்ப்யூட்டரை உடைக்கவில்லை. வேலை போகாது என்பது முடிந்துபோன பேச்சு. மிச்சமிருந்தது எரிச்சலும் ராத்தூக்கம் போனதும்தான்.

சங்கத்துக்காரர்கள் எல்லோரும் புத்தர் என்று சொல்லவில்லை. படித்தொகைக்காகவே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். டிமாண்ட் டிராஃப்ட் வாங்கக் கையில் டோக்கனை வைத்துக்கொண்டு பாதி நாள் பெஞ்சில் கிடந்த ஜனங்களுக்கு அந்தத் தாமதத்தில் நஷ்டம்தான். அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் சண்டை நடந்தது, முடிந்தது. இன்றைக்கு உங்கள் நிறுவனங்களில் அந்தச் சண்டையே நடப்பதில்லை. நடக்கவிடாமல் இருப்பதற்காகத்தான் மென்பொருள் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம். இரண்டு இயக்குநர்களுக்கு நடுவே தீராத ஒரு வழக்கு இருக்கும். இருவரையும் உட்காரவைத்துத் தீர்ப்பு சொல்ல மேலே இருப்பவருக்குத் தைரியம் இருக்காது. ‘புது சிஸ்டம் வரட்டும், அதுவே சரியாகிவிடும்’ என்பார். சிஸ்டம் எப்படிச் சரி செய்யும்? அந்த வழக்கு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் தலையில் விழும்.

விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த கிளையில் பாதி வியாபாரம் நகைக்கடன். சம்சாரிகள் வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கையில் கொண்டுவருவார்கள். நகையைத் திருப்பி வைப்பது என்று அதற்குப் பெயர். பழைய கடனை முடித்து, அதே நகைக்குப் புதுக் கடன் எழுதி, இரண்டு வவுச்சரையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவோம். நகைப்பை பெட்டகத்தை விட்டு வெளியே வந்து அப்ரைசர் உரைகல்லில் உரசிப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விடும். அசல் பணம் கைமாறாது. கைமாறுவதற்கு அவரிடம் இருந்தால்தானே?

கோர் பேங்கிங் வந்த முதல் திங்கட்கிழமை இது நின்றுபோனது. அசல் முழுவதும் வரவாகாமல் பழைய கடனை மூட சிஸ்டம் விடவில்லை. அதை மூடாமல் அந்தப் பைக்குப் புது எண் கிடைக்கவில்லை. கவுன்டருக்கு வெளியே ஒரு அம்மா மஞ்சள் பைக்குள் வட்டிப் பணத்தை ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார். “ஏங்க, வருஷா வருஷம் இப்படித்தானே கட்டுறேன்?” என்கிறார். என்ன சொல்வது? எங்கள் ஸ்பெஷல் அசிஸ்டண்ட் மூளைக்காரர். சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது எங்கே சேர்ப்பது என்று முடிவாகாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கில், அசலுக்கு ஒரு பற்று எழுதி, அதை வைத்துப் பழைய கடனை மூடி, புதுக் கடன் கொடுத்து, அதிலிருந்து சஸ்பென்ஸை அடைத்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் நேராகிவிடும். அடுத்த ஆடிட்டில் அத்தனையும் சிவப்பு மையில் வந்தது. அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை.

இதில் தப்பு யாருடையது? நகைக்கடனைப் பணம் வராமல் புதுப்பிக்கலாமா கூடாதா என்பது ஒரு கொள்கைக் கேள்வி. கூடாது என்பதற்கும் நல்ல காரணம் உண்டு, வாராக் கடனை நல்ல கடனாகக் காட்டும் வழி அது. புதுப்பிக்கலாம் என்பதற்கும் காரணம் உண்டு, அந்த அம்மா. தலைமை அலுவலகத்தில் கடன் துறை ஒன்று சொன்னது, ஆய்வுத் துறை வேறொன்று சொன்னது. பல வருடங்களாகவே அப்படித்தான். லெட்ஜர் காலத்தில் ஒவ்வொரு மேனேஜரும் தன் பொறுப்பில் பார்த்துக்கொண்டார். மென்பொருள் எழுதியவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அவர்கள் பெட்டியோடு வந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். கடைசியில் எங்கள் சங்கச் செயலாளர் மண்டல அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டு, ஒரு பக்கச் சுற்றறிக்கை வாங்கிவந்தார். எந்த நிபந்தனையில் புதுப்பிக்கலாம், யார் அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரே பக்கம். திட்டம் தொடங்கிய அன்றைக்கே வந்திருக்க வேண்டிய பக்கம்.

நம் ஊர்க் கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஜெர்மனியில் லிட்ல் என்று ஒரு மளிகைக் கடைச் சங்கிலி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய சரக்குக் கணக்கு முறையை எடுத்துவிட்டு எஸ்ஏபி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற 2011ல் தொடங்கினார்கள். இரண்டு நிறுவனங்களின் தலைமையகமும் ஒரே மாநிலத்து ஊர்கள்தான், நெக்கார்சுல்மும் வால்டோர்ஃபும். லிட்ல் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கு வைத்துப் பழகியது. எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருள் விற்பனை விலையில் வைத்தது. ஒன்று நம் பழக்கத்தை விடுகிறோம் என்று சொல்ல வேண்டும், அல்லது இந்த மென்பொருள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லவில்லை. பழக்கத்துக்கு ஏற்ப மென்பொருளை வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள். ஏழு வருடம் ஒட்டினார்கள். 2018ல் கைவிட்டபோது சுமார் 50 கோடி யூரோ கரைந்திருந்தது என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. அந்தத் திட்டம் படுத்ததற்கு வேறு காரணங்களும் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒன்று போதும். அங்கே எந்த ஸ்டோர் கீப்பரும் மாற்றத்துக்குப் பயப்படவில்லை. நிறுவனமே பயந்தது.

இங்கிலாந்தில் டிஎஸ்பி வங்கி. ஸ்பெயினின் சபடெல் வங்கி அதை வாங்கியது. பழைய முதலாளியான லாயிட்ஸின் சிஸ்டத்திலேயே ஓடிக்கொண்டு அதற்கு வாடகை மாதிரி பணம் கொடுத்துவந்தது. 2018 ஏப்ரலில் ஒரு வாரக் கடைசியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. எல்லாம் சரியாக அந்த வருடம் டிசம்பர் ஆனது. 2022ல் 4.865 கோடி பவுண்டு அபராதம். பின்னால் நடந்த விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. முடிக்கும் தேதியை முதலில் வைத்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றை மட்டும்தான் பளு தாங்குமா என்று சோதித்திருக்கிறார்கள். ‘தயாரா?’ என்று கேட்க வேண்டிய இயக்குநர் குழு, தயார் என்று வந்த பதிலைத் தோண்டிப் பார்க்கவில்லை. அங்கே மேஜையைத் தட்டிக் கேட்க எங்கள் செயலாளர் மாதிரி ஒரு முரட்டு ஆள் இருந்திருக்கலாம்.

ஜிஇ, அதாவது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கதை இன்னும் பெரியது, அதை நீளமாகச் சொல்ல இப்போது மனமில்லை. 2015ல் ஜிஇ டிஜிட்டல் என்று தொடங்கி, 2020க்குள் உலகின் முதல் பத்து மென்பொருள் கம்பெனிகளில் ஒன்றாவோம் என்றார்கள். சொந்த ஆலைகளுக்கு வேலை செய்யவா, வெளியே விற்கவா என்பதிலேயே தெளிவில்லை. 2018ல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்தே ஜிஇ வெளியேறியது, அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு.

ஏஐ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பேரிங்கை யார் அனுமதியில் கொடுப்பது என்று தெரியாத நிறுவனம் ஏஐ வாங்கினால், தெரியாததை இன்னும் வேகமாகச் செய்யும். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகப் பட்டியலும் தரமாட்டேன். உங்கள் ஸ்டோர் கீப்பரின் நோட்டைக் கடன் வாங்கி ஒரு வருடப் பக்கங்களைப் படியுங்கள். என்ன சாமான், எத்தனை மணிக்கு, எந்த லைனுக்கு, யார் கேட்டது என்று எழுதியிருப்பார். உங்கள் ஆலை எப்படி ஓடுகிறது என்று நீங்கள் வாங்கிய எந்தக் கன்சல்டன்ட் அறிக்கையிலும் அவ்வளவு விவரம் இருக்காது. அவர் தருவாரா என்பது வேறு விஷயம். மாற்றத்துக்குப் பயப்படுகிறவர் என்று நீங்கள் சொல்லிக்கொண்டு திரிவது அவர் காதுக்கு எட்டியிருந்தால் தரமாட்டார். போய் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நன்றாக வேலை செய்ய வேண்டும் என்ற தவிப்பு கடிதத்தில் தெரிகிறது, இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள். ஆனால் அந்தத் தவிப்பைத் தப்பான ஆள் மேல் காட்டுகிறீர்கள். அடுத்த ஸ்டியரிங் கமிட்டிக் கூட்டத்துக்கு பிபிடி தயாரிக்கும்போது, மாற்ற எதிர்ப்பு என்று ஒரு ஸ்லைடு வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வியைப் போடுங்கள்: இரவு ஷிஃப்டில் அதிகாரி இல்லாதபோது சாமானை வெளியே கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? பிளான்ட் ஹெட்டும் நிதி இயக்குநரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ‘இதை ஆஃப்லைனில் பேசிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். கூட்டக்குறிப்பில் கேள்வியும், பதில் சொல்ல வேண்டியவர் பெயரும், தேதியும் ஏற வேண்டும். ஏறியதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். ஏறாவிட்டால் யார் என்ன சொல்லித் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.